இரண்டாவது பாட்டில் ரத்தம்

அரசாங்க ஆஸ்பத்திரி மேல் கேஸ் போடலாமா கூடாதா என்று எங்கள் நெல்லித்தோப்புத் தெருவில் இரண்டு மாதம் பேசினார்கள். மாவு மில்லில் பேசினார்கள், இஸ்திரி வண்டியடியில் நின்று பேசினார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் மூன்றாவது வீட்டு சொல்தா பெரியவர், பிரான்ஸாக இருந்தால் இந்நேரம் அந்த ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்றார். தலைவலி என்றாலே சென்னைக்குப் போய் தனியார் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்கிறவர் அவர். இஸ்திரிக்காரர், இலவசமாக வைத்தியம் பார்க்கிற இடத்தின் மேல் வழக்குப் போடுவது நன்றி கெட்ட வேலை இல்லையா என்று கேட்டார். இலவசம் என்று யார் சொன்னது, ஒரு சோப்பு வாங்கினால்கூட வரி கட்டுகிறோமே என்று நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். இருபத்தாறு வருடம் டீச்சர் வேலை பார்த்தவள் நான். எனக்குக் குரல் தானாகவே உயர்ந்துவிடும்.

அந்த இரண்டு மாதமும் கேஸ் போட்டே ஆக வேண்டும் என்று தெருவிலேயே அதிகமாகக் கத்தியவள் நான்தான். ஏன் அப்படிக் கத்தினேன் என்பது அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

செத்துப்போனவள் என் தங்கை. என்னைவிட எட்டு வயது சின்னவள். அப்பா மில்லில் வேலை பார்த்தார். மில் மூடின வருடம்தான் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தோம். தேங்காய்த்திட்டு ஹார்பரில் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிறவர் கிடைத்தார். நல்ல மனிதர். ஒரே பெண் பிறந்தாள். எனக்குக் குழந்தை இல்லை. அந்தப் பெண்ணுக்கு நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டதிலிருந்து காலேஜில் சேர்த்தது வரை எல்லாம் நான்தான். அவள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும்போது எனக்கு அந்தப் ‘பெரிய’ கேட்காது. அவள் இல்லாவிட்டால் எனக்கென்று யாரும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கைக்குப் பல வருடமாக மாதவிடாயின்போது ரத்தம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஐஸ் தின்பாள் என்பதுதான். வீட்டுக்காரர் ஹார்பரிலிருந்து தூக்கில் கொண்டுவருகிற உடைத்த ஐஸைக் கடுக் கடுக்கென்று கடித்துக்கொண்டே இருப்பாள். ஐஸ்காரரைக் கட்டிக்கொண்டதற்கு இந்த லாபமாவது கிடைத்ததே என்று நாங்கள் கிண்டல் செய்வோம். ஒருநாள் மீன் ஏலம் போடுகிற இடத்தில் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வியே ஐஸ் சாப்பிடுவீர்களா என்பதுதான். உடம்பில் ரத்தம் குறைந்தால் சிலருக்கு அப்படி ஒரு ஆசை வரும் என்று விளக்கினார். கர்ப்பப்பையில் கட்டி, அதை எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். அந்த டாக்டரம்மா மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் எழுதமாட்டேன். விஷயம் கோர்ட்டில் இருக்கிறது.

பெண்கள் வார்டில் நாற்பது கட்டில், பகலில் இரண்டு நர்ஸ். ரத்தம் எடுத்தால் அதை லேபுக்குக் கொண்டுபோக அந்த மாடிக்கு ஓர் ஊழியர் இருந்திருக்கிறார். அவர் ரிடையர் ஆன பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. அதனால் நோயாளியோடு தங்கியிருப்பவர்களே டியூப்பை வாங்கிக்கொண்டு போக வேண்டும். லேப் கீழே, பிளட் பேங்க் முற்றத்தைத் தாண்டி வேறு கட்டிடத்தில். லிப்ட் வரும் வராது. வார்டில் இதற்கு ‘நடை’ என்று பெயர். காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர் இன்றைக்கு உங்களுக்கு எத்தனை நடை என்றுதான் விசாரித்துக்கொள்வோம். ஒருத்தி போகும்போது பக்கத்துக் கட்டில் டியூப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவாள். அடுத்த நடை இவளுடையது. அப்படி ஒத்தாசை செய்யாதவளை வார்டில் யாரும் மதிக்கமாட்டார்கள். நர்ஸுகளும் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கட்டிலில் பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்து அம்மா ஒருத்தர் படுத்திருந்தார். அவர் மகள் கூட இருந்தாள். நான் கூடத் தங்க வருவதற்கு முன்னால் இரண்டு நாள் என் தங்கையின் டியூப்பை எல்லாம் அந்தப் பெண்தான் சுமந்திருக்கிறாள். மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு பேருக்கும் பிளட் பேங்குக்கு ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் டியூப்பின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரியை ஒரு துண்டு ஒட்டி, அதில் பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதினார். அந்தப் பெண் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அக்கா, நம்ம நடையும் சேத்துப் போய்ட்டு வந்துடறீங்களா என்று கேட்டாள். இதென்ன பெரிய விஷயம் என்று வாங்கிக்கொண்டேன்.

அப்போது கட்டிலில் படுத்திருந்த தங்கை சொன்னாள்: “வெயில் கொளுத்துது, அங்க கியூ வேற நிக்கும். ரத்தம் கெட்டுப்பூடப் போவுதுக்கா. ஐஸ்ல போட்டு எடுத்துனு போ.”

ஹார்பர்க் குடும்பத்தில் வாழ்கிறவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? கெட்டுப்போகிற பொருள் எதுவானாலும் ஐஸில் வைக்க வேண்டும். அவள் கடிப்பதற்காக வீட்டுக்காரர் காலையில் வைத்துவிட்டுப் போன ஐஸ் தூக்கு கட்டிலுக்கடியில் இருந்தது. எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஐஸை அள்ளிப் போட்டு, அதில் இரண்டு டியூப்பையும் செருகி, மூடிக்கொண்டு போனேன். நல்ல காரியம் செய்கிற பெருமையோடுதான் போனேன்.

பிளட் பேங்க் ஜன்னலில் அரை மணிக்கு மேல் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது டப்பாவைத் திறந்தேன். ஐஸ் பாதி உருகியிருந்தது. டியூப் இரண்டும் மொட்டையாக நின்றன. பிளாஸ்திரி இரண்டும் தண்ணீரில் மிதந்தன.

பெயர் இரண்டும் அழியாமல் இருந்தன. டியூப்பும் இரண்டு இருந்தன. எது எதன் மேல் இருந்தது என்பதுதான் தெரியவில்லை. அந்த இடத்தில் திரும்பி வார்டுக்குப் போயிருக்க வேண்டும். நர்ஸிடம் சொல்லி மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், இரண்டு டியூப்பையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். என் தங்கைக்கு ரத்தம் குறைவு, அப்படியென்றால் அவள் ரத்தம் வெளுத்துத்தான் இருக்கும் என்று நானே ஒரு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். ஒன்று கொஞ்சம் வெளுப்பாக இருந்தது மாதிரித் தோன்றியது. அதைப் புடவைத் தலைப்பில் துடைத்து, தங்கையின் பெயர் இருந்த பிளாஸ்திரியை ஒட்டினேன். மற்றதை மற்றதில் ஒட்டினேன். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு தம்பி இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு டியூப்பையும் கையில் வாங்கியதும் நிமிர்ந்து பார்த்தார்.

“லேபிள் ஈரமா இருக்குதே மேடம். மாறிகீறிப் போகலியே?”

“நான் டீச்சர். எனக்குப் படிக்கத் தெரியும்” என்றேன்.

இந்தப் பதிலை நான் எத்தனை தடவை மனதுக்குள் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. என் காதில் அது, அழுக்குப் புடவை கட்டிக்கொண்டு ஜன்னலில் நிற்கும் படிப்பறியாத பெண்ணைக் கேட்கிற கேள்வியாக விழுந்தது. எனக்குச் சுருக்கென்றது. பின்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவர் இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு டியூப்பை உள்ளே வைத்தார். அவர் அதை வாங்கியிருக்கக் கூடாது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அதையும் நான் மறக்கவில்லை.

சாயங்காலம் நானே போய் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பாட்டில் வாங்கி வந்தேன். பாட்டில் என்பது பேச்சு வழக்கு, பிளாஸ்டிக் பைதான். பாகூர் அம்மாவுக்கு ஏற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. என் தங்கைக்கு ஏற்றிக் கால் மணி நேரத்தில் உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. இடுப்பு உடைகிற மாதிரி வலிக்கிறது என்று கத்தினாள். நர்ஸைக் கூப்பிட்டேன். கடைசிக் கட்டிலில் ஒருத்திக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அவர் அங்கே நின்றார். இரண்டு தடவை ஓடிப் போய்க் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். வந்தவர் பையை மூடினார், ஊசி போட்டார். ட்யூட்டி டாக்டர் வந்து, ரத்தம் ஏற்றும்போது சிலருக்குக் குளிர் வரும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பையின் மேல் எழுதியிருந்ததை ஒருவரும் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சிறுநீர் கறுத்து, கொத்துமல்லிக் காபி நிறத்தில் போனது. அதைச் சொன்னேன். மருந்தினால் இருக்கும் என்றார்கள். பத்து மணிக்கு இரண்டாவது பாட்டிலை என்னையே வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கி வந்தேன். இந்தத் தடவை மெதுவாக விட்டார்கள்.

இரண்டாவது பாட்டில் இறங்கிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒவ்வொரு சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிதந்த பிளாஸ்திரி எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று எழுதுவதுகூடப் பொய். முதல் நாள் அவளுக்குக் குளிர் வந்ததிலிருந்தே அது என் நெஞ்சை விட்டு நகரவில்லை. இங்கே பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள், சோதிக்காமலா ஏற்றுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்தால் நாற்பது கட்டிலுக்கு நடுவில் நர்ஸ் என்னைத் திட்டுவார், ஐஸில் போட்டாயா என்று சிரிப்பார்கள் என்றும் நினைத்தேன். ரத்தம் மாறினால் ஆள் சாகும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பையைக் கழற்றியிருப்பார்கள். தங்கை அப்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் நீவி விடுக்கா என்றாள். நீவி விட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சிறுநீர் நின்றுவிட்டது. கிட்னி வேலை செய்யவில்லை என்று வேறு வார்டுக்கு மாற்றி டயாலிசிஸ் செய்தார்கள். அதற்குப் பிறகு அவளைப் பார்த்த டாக்டர்கள் தங்களால் ஆனதை எல்லாம் செய்தார்கள் என்றுதான் சொல்வேன். ஒரு நர்ஸம்மா ட்யூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் அவள் போய்விட்டாள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று எங்களிடம் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, ரேஷன் கார்டை எடுப்பதற்காக அவளுடைய பெண் பிளாஸ்டிக் கவரைக் கொட்டியிருக்கிறாள். தன்னைப் பிரசவித்தபோது கொடுத்த பழைய அட்டை அதில் இருந்தது. அதில் அம்மாவின் ரத்தம் ஓ பாசிட்டிவ். ஆஸ்பத்திரி கடைசியாகக் கொடுத்த காகிதத்தில் ஏ பாசிட்டிவ். இரண்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எனக்கு அந்த நிமிடமே எல்லாம் புரிந்துவிட்டது. பாகூர் அம்மாவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பது பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஓ ரத்தத்தை மற்றவர்களுக்கு ஏற்றலாம், ஓ ரத்தக்காரருக்கு மற்ற எதையும் ஏற்றக் கூடாது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் மேசையைத் தட்டினேன். சும்மா விடக் கூடாது இவர்களை, கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும் என்று கத்தினேன். அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் கத்தக் கத்த எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. தப்பு ஆஸ்பத்திரியுடையது என்று கோர்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் நான் தப்பித்துக்கொள்வேன். தெருவில் நான் போட்ட சண்டை எல்லாம் அதற்காகத்தான்.

வேண்டாம் என்று சொன்னவர் தங்கையின் வீட்டுக்காரர் ஒருவர்தான். ஐஸ் உடைக்கிற மெஷினில் அவருக்கு இரண்டு விரல் நசுங்கியபோது அதே ஆஸ்பத்திரியில்தான் தைத்து ஒட்டவைத்தார்கள். அந்தக் கையைக் காட்டி என்னிடம் சொன்னார்: “நாளைக்கி எனக்கு ஒன்னுன்னா அங்கதான அண்ணி தூக்கினு போவீங்க? கேஸு போட்டவன் வந்துகிறான்னு பாத்தா எவன் கைய வைப்பான்? நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வேற எடம் இன்னா இருக்குது?”

நியாயமான பேச்சு. நான் அவரைக் கோழை என்று திட்டினேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை வேறு மாதிரி சொன்னார். கேஸ் போட ஆரம்பித்தால் டாக்டர்கள் பயந்துபோய்த் தப்பை மறைக்கத்தான் பார்ப்பார்கள், உண்மை வெளியே வராது என்றார். அவரிடமும் வாதாடினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. என் மேல் யாரும் கேஸ் போடவில்லை. போடுவேன் என்று யாரும் மிரட்டவில்லை. ஒரு நர்ஸ் திட்டுவார் என்ற பயத்துக்கே நான் வாயை மூடிக்கொண்டு நின்றவள்.

தங்கையின் பெண் விடவில்லை. வக்கீலைத் தேடிப் பிடித்தாள். நானும் கூடப் போனேன். எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரி என்பதால் நுகர்வோர் கோர்ட்டில் எடுப்பார்களா என்பது சந்தேகம், சிவில் கோர்ட்டில் போடலாம், வருடக்கணக்கில் இழுக்கும் என்றார் வக்கீல். எவ்வளவு வருடமானாலும் சரி என்று பெண் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பி, ரத்தத்தை யார் கொண்டுபோய்க் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். லேபிள் சரியாக ஒட்டியிருந்ததா என்று கேட்டார். ஒட்டியிருந்தது என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை எழுதிக்கொண்டார். அப்படியென்றால் தப்பு பிளட் பேங்கில்தான் நடந்திருக்கிறது, கேஸ் பலமாக இருக்கிறது என்று சொன்னார்.

முதலில் ஆஸ்பத்திரிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினார். உள்ளுக்குள் விசாரணை நடந்தது. மூன்று வாரம் கழித்து வக்கீல் போன் செய்து, பிளட் பேங்கில் தற்காலிகமாக வேலை பார்த்த டெக்னீஷியனை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள், அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரிதான் என்று சந்தோஷமாகச் சொன்னார். யார், கண்ணாடி போட்டவரா என்று கேட்டேன். ஆமாம், எப்படித் தெரியும் என்றார். அவர் விசாரணையில், லேபிள் ஈரமாக இருந்தது, கேட்டேன், அந்த அம்மா சரி என்று சொன்னார் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். யாரும் அதை நம்பவில்லையாம். நாமும் மறுத்துவிடலாம், கவலைப்படாதீர்கள் என்றார் வக்கீல்.

அந்த ஆஸ்பத்திரியில் என்னைக் கேள்வி கேட்ட ஒரே ஆள் அந்தத் தம்பிதான். அவருக்கு வேலை போய்விட்டது. டியூப்பை எங்கள் கையில் கொடுத்த நர்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, குளிர்தான் பயப்படாதீர்கள் என்ற டாக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மாடிக்கு ஊழியரைப் போடாத அதிகாரி யார் என்றே யாருக்கும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி தன் பங்குக்கு இருப்பதிலேயே சின்ன ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டது. என் பங்குக்கு நானும் அதே ஆளைத்தான் காட்டிக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் தேங்காய்த்திட்டுக்குப் போனேன். பெண் மட்டும் வீட்டில் இருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தேன். ஐஸ் டப்பாவில் ஆரம்பித்து, மிதந்த பிளாஸ்திரி, வெளுத்த ரத்தம் என்று நான் பார்த்த வைத்தியம், ஜன்னலில் சொன்ன பதில், வக்கீலிடம் சொன்ன பொய் எல்லாம் சொன்னேன். எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் முடிக்கமாட்டேன் என்று தெரியும். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒட்டறது உன் வேலையா பெரியம்மா? அத ஏன் உன் கையில குடுத்தாங்க?” என்றுதான் முதலில் கேட்டாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காரப் போனேன். அப்போது அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“ரெண்டாவது பாட்டில் ஏத்தசொல்ல நீ எங்க இருந்த?”

“கட்டில்கிட்டதான்.”

“அப்ப ஒனக்கு சந்தேகம் இருந்துச்சா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்யைச் சொன்னால் இவள் எனக்குக் கிடைப்பாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் அம்மாவுக்கு என்ன கண்ணோ அதே கண் அவளுக்கும். இருந்துச்சு என்றேன்.

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் வெளியே வரவில்லை. நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பதினோரு நாள் போன் இல்லை. அவளுடைய அப்பா மட்டும் ஒரு தடவை கூப்பிட்டார். நான் ஐஸு கொணாந்து குடுத்திருக்கலன்னா அண்ணி, என்று ஆரம்பித்தார், அதற்கு மேல் சொல்ல முடியாமல் வைத்துவிட்டார். ஹார்பரில் அவர் இன்றைக்கும் அதே மெஷினில்தான் ஐஸ் உடைக்கிறார். வேறு என்ன செய்வார்?

பன்னிரண்டாம் நாள் அவள் வந்தாள், கையில் காகிதத்தோடு. வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டாராம். இதையெல்லாம் சேர்த்தால் அவர்கள் பழியை உங்கள் பெரியம்மா தலையிலேயே கட்டிவிட்டுப் போய்விடுவார்கள், இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றாராம்.

“கட்டட்டும் சார், ரத்தத்த ஏன் எங்க கையில குடுத்தீங்கன்னு அப்ப நான் கேக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்றாள். அந்த டெக்னீஷியன் கேட்ட கேள்வியையும் மனுவில் எழுதச் சொன்னாளாம். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்குமோ என்னவோ தெரியாது என்றும் சொன்னாள். இன்றைக்கு வரை கிடைக்கவில்லை.

கேஸ் போட வேண்டுமா என்று இப்போது என்னைக் கேட்டால் போட வேண்டும் என்றுதான் சொல்வேன். அந்த வார்டில் இன்றைக்கும் பெண்கள் நடை நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கேட்காமல் எதுவும் மாறாது. ஆனால் முன்பு மாதிரி கத்திச் சொல்ல எனக்குக் குரல் வருவதில்லை. கேஸ் போடுகிறவர்கள் தங்கள் வீட்டுக் கதவையும் சேர்த்துத் திறக்க வேண்டியிருக்கும்.

காகிதத்தை என் முன்னால் வைத்தாள். வக்கீல் டைப் அடித்தது இல்லை, டைப் அடிப்பதற்கு முன்னால் நான் சரி பார்க்க அவளே கையால் எழுதிய என் வாக்குமூலம். படித்துப் பார்க்கச் சொன்னாள். குண்டு குண்டான எழுத்து. இரட்டைக் கோடு நோட்டில் அவள் கையைப் பிடித்து நான் பழக்கிய எழுத்து. இத்தனை வருடப் பழக்கம், பேனாவை எடுத்துக்கொண்டு பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஐஸ் இருந்தது, பிளாஸ்திரி இருந்தது, நான் டீச்சர் என்று சொன்னதும் இருந்தது. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. கடைசிப் பத்தி இரண்டு வரிதான்.

‘இரண்டாவது பாட்டில் ஏற்றி முடியும்வரை நான் என் தங்கையின் கட்டில் அருகிலேயே இருந்தேன். எனக்குச் சந்தேகம் இருந்தும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.’

மாத்தணும்னா மாத்திக்க, என்றாள் அவள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். மாற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீ போட்டு வைத்திருந்ததைத் தொடாமல், கோர்ட்டில் கூப்பிடும்போது சொல்கிறேன் என்று எழுந்து போனாள்.